செல்ஃப் எடுக்காத சனிக்கிழமைகள்

என் கணவரிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மாட்ட ஒரு கேன்வாஸ் துணி உண்டு. அடர் பச்சை நிறம். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. புதுச்சேரியில் அவருடைய தாய்மாமா ஒரு வெளிநாட்டுப் பெரியவரிடம் டிரைவராக இருந்தார். பெரியவர் தன் நாட்டுக்கே திரும்பிப் போனபோது காரை மாமாவுக்கு விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்குக் கண் மங்கியதும் அது இவரிடம் வந்தது. கடலூரில் அப்படி இன்னொரு வண்டி இருந்ததாக எனக்குத் தெரியாது. சிக்னலில் நின்றால் பக்கத்து பஸ் ஜன்னலிலிருந்து பத்துத் தலை எட்டிப் பார்க்கும்.

சுனாமி வந்ததற்கு மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கும் ஆசிரியை. அவர் செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய மாமாதான் பேசினார். “பையன் பி.இ. முடிச்சிட்டு கெமிக்கல் கம்பெனில இருக்கான்” என்றார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரான என் அப்பாவுக்கு அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

அவருடைய அக்கா கீரப்பாளையத்தில் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாராவாரம் சனிக்கிழமை ஷிஃப்ட் இல்லாவிட்டால் இவர் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். எனக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும். அதோடு கூரையில்லாத வண்டியில் அவ்வளவு தூரம் காற்றடித்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது. பொங்கல், தீபாவளிக்கு நாங்கள் சேர்ந்து போனால் பஸ்ஸில்தான் போவோம். காரில் நான் உட்காருவது கடற்கரைக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும்.

2007-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்தவர் ஏழரைக்கு வந்தார்.

“வண்டி செல்ஃப் எடுக்கல. அக்கா வீட்டு வாசல்லயே நின்னுபோச்சு. சாவிய திருப்பினா டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்” என்றார்.

நான் நம்பினேன். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம் சரியாக இருந்தது. பிறகு மறுபடியும் தொடர்ந்து இரண்டு வாரம்.

நான் உட்கார்ந்து போன ஒரு நாள்கூட அந்த வண்டி நின்றதில்லை. சாவியைத் திருப்பிய உடனே உறுமிக்கொண்டு கிளம்பும். காலையில் வேலைக்குப் போகும்போது கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால் கிளம்பும். சனிக்கிழமை, கீரப்பாளையம், சாயங்காலம்: இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் கிளம்பாது. எந்த இயந்திரம் கிழமை பார்த்துக் கெட்டுப்போகும்?

“தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதானே? சின்ன வண்டிதான” என்று ஒருநாள் கேட்டேன்.

“தள்ளலாம். ஊரே நின்னு வேடிக்க பாக்கும். எனக்கு வெக்கமா இருக்கு. கொஞ்ச நேரம் விட்டா தானா எடுத்துடும்.”

“கொஞ்ச நேரம்னா ரெண்டரை மணி நேரமா?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். அந்தச் சட்டையின் வலது கைமடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டால் விரலில் மாவு மாதிரி வந்தது. பவுடர் என்று நினைத்தேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வை நாற்றம் மட்டும்தான் வந்தது. தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் சட்டையைப் பழையபடி கொடியில் போட்டேன்.

அன்றுதான் நான் வேறு ஆளாக மாறினேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் அவருடைய பர்ஸைத் திறந்ததில்லை. அடுத்த ஒரு மாதத்தில் பர்ஸ், சட்டைப் பை, காரின் டேஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடியில், எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்றால் நான் பார்ப்பேன் என்று தெரிந்துதானே வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்து பார்த்தேன். நான்கு மணிக்கு ஸ்விட்ச் ஆஃப். ஐந்து மணிக்கும் ஸ்விட்ச் ஆஃப். ஆறரைக்கு மணி அடித்தது. எடுத்து, “வந்துட்டே இருக்கேன்” என்றார்.

அண்ணிக்குப் போன் செய்தேன். ஊறுகாய் எப்படிப் போடுவது என்று கேட்பதுபோல ஆரம்பித்து, நடுவில் மெதுவாகக் கேட்டேன். “இவர் கெளம்பிட்டாரா அண்ணி?”

“அவன் மூணு மணிக்கே கெளம்பிட்டானே. ஏன், இன்னும் வரலையா?”

“வந்துடுவாரு. வண்டி ஏதோ தகராறு பண்ணுதாமே?”

“ஆமா, வண்டி நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு சொல்லுவான். எனக்கின்னா தெரியும் அதப்பத்தி?”

அண்ணி எதையும் மறைப்பவர் இல்லை. மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார் என்றால் வாசலில் வண்டி நிற்கவில்லை. அல்லது நின்றிருந்து, அண்ணி அதைக் கவனிக்கவில்லை. எனக்கு உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. வகுப்பில் நின்று ஓம் விதியை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் கீரப்பாளையத்துக்கும் கடலூருக்கும் நடுவில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் ரோட்டைத் துழாவிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரை விசாரிப்பதற்குப் பதில் காரை விசாரித்தால் என்ன? வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க முடியும். கோளாறே இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும். காருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வற்புறுத்தி காரைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு எலக்ட்ரீஷியன் கடைக்கு எடுத்துப்போக வைத்தேன். கடைக்காரர் இவருக்கு ஏற்கெனவே பழக்கம். இவரைப் பார்த்ததுமே, “வா மச்சான்” என்றார். எனக்கு அந்த மச்சான் பிடிக்கவில்லை.

கடைக்காரர் பேட்டரியைச் சோதித்தார். டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் துடைத்தார். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல் காற்று, மறுபக்கம் தொழிற்சாலைக் காற்று. எந்தச் செம்பும் பச்சை பூக்கும். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷைப் பார்த்தார், தேயவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, பத்துத் தடவை சாவியைத் திருப்பினார். பத்துத் தடவையும் எடுத்தது.

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“அப்ப ஏன் சனிக்கிழம நிக்கிது?”

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ரோட்டைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ கைமாறியதுபோல எனக்குத் தோன்றியது.

“நிக்கும்போது கொண்டாங்க டீச்சர், பாக்கலாம். இப்ப நோயில்லாத ஆள கூட்டியாந்து ஊசி போடச் சொல்றீங்க” என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார், “விடேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்.”

கோளாறு சரியாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் பேசும் பேச்சா அது?

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு விடுமுறை வந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டு வாசலில், வண்டி ஆறிக் கிடந்தபோது பானெட்டைத் திறந்து, அவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, பேட்டரியில் அளந்தேன். பன்னிரண்டரை வோல்ட். பிறகு செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன உருளையில் அளந்தேன். அதைச் சொலினாய்டு என்பார்கள். சாவியைத் திருப்பினால் அதற்குள் இருக்கும் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், காந்தமாகி, மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழியைத் திறந்துவிடும். அந்தக் காயிலுக்கு வரும் வயரில் ஒன்பதரை வோல்ட்தான் காட்டியது. மூன்று வோல்ட் வழியில் எங்கோ காணாமல் போயிருந்தது. ஆனாலும் வண்டி கிளம்பியது. குறித்துக்கொண்டேன்.

“இந்த சனிக்கிழம நானும் வரேன்” என்றேன்.

“காத்து அடிக்கும்பியே” என்றார்.

“முக்காடு போட்டுக்கறேன்.”

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். செம்மங்குப்பத்தைத் தாண்டும்போது வழக்கமான அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. அவர் அதை உணர்வதே இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். வழியெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை. நான் அவருடைய போனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்துக்குள் நுழையும்போது அது அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கட் செய்தார்.

“யாரு?”

“கம்பெனி.”

மேல வீதியில் அக்கா பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்க நிறுத்தினார். அது அவர் எப்போதும் செய்வதுதானாம். கடையில் கூட்டம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடியும் திருப்பினார். டிக். அவ்வளவுதான்.

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. “பாத்தியா? நான் சொன்னேன்ல? இதான், இதேதான்.”

மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டதெல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. முகர்ந்து பார்த்த சட்டை, ஊறுகாய்ப் பேச்சு. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பானெட்டைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அளந்தேன். பேட்டரியில் பன்னிரண்டரை. சொலினாய்டு வயரில் ஒன்பதரை.

வீட்டில் காட்டிய அதே எண்கள். அப்போது கிளம்பியது, இப்போது கிளம்பவில்லை. எது மாறியது?

கையை இன்னும் உள்ளே நீட்டியபோது சுட்டது. என்ஜினிலிருந்து வரும் சைலன்ஸர் பைப், சொலினாய்டுக்கு நாலு விரல் தூரத்தில் போயிற்று. அதன் பக்கத்தில் போல்ட் போடும் இரண்டு துளைகள் காலியாக இருந்தன. அங்கே ஒரு தகரத் தடுப்பு இருந்திருக்க வேண்டும். எப்போதோ யாரோ கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை.

பிளஸ் டூ பாடத்திலேயே இருப்பதுதான். செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். அதே வோல்ட் வந்தாலும் அதில் ஓடும் மின்சாரம் குறையும். ஆறிய காயிலுக்கு ஒன்பதரை வோல்ட் எப்படியோ போதுமாக இருந்தது. வெந்துபோன காயிலுக்குப் போதவில்லை. ஓடும்போது காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தினால்தான் பைப்பின் சூடெல்லாம் அதில் ஏறும். நீண்ட தூரம் ஓடி, நிறுத்தி, பத்து இருபது நிமிஷத்தில் மறுபடி எடுத்தால் எடுக்காது. கடற்கரைக்கும் மீன் கடைக்கும் போனால் அவ்வளவு சூடே ஏறாது. நான் உட்கார்ந்த நாளெல்லாம் அது ஏன் கிளம்பியது என்பது அங்கேயே விளங்கியது.

உறுதி செய்துகொள்ள, கொண்டுபோயிருந்த ஒரு துண்டு வயரின் ஒரு முனையை பேட்டரியில் வைத்து, மறு முனையை சொலினாய்டில் தொட்டேன். கியரை நியூட்ரலில் போடச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டரை வோல்ட்டும் முழுசாகப் போனதும் என்ஜின் உறுமியது. சுற்றி நின்றவர்களில் ஒருவர், “மேடம் மெக்கானிக்கா?” என்றார்.

“டீச்சர்” என்று என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

கீரப்பாளையம் போகும் பத்து கிலோமீட்டரும் அவர் வாய் ஓயவில்லை. இரண்டு பக்கமும் நாற்றங்கால் பச்சை. நான் பாதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

அண்ணி வீட்டில் அதைக் கேட்டே விட்டேன். “இவர் வாரம் வாரம் எத்தன மணிக்கு வர்றாரு அண்ணி?”

“முன்னெல்லாம் ஒம்போதரைக்கு வந்துடுவான். இப்ப பத்தரை ஆவுது. சிதம்பரத்துல வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லுவான்.”

சாப்பிட்டு, பேசி, மூன்று மணிக்குக் கிளம்பினோம். வண்டி நாலரை மணி நேரம் வேப்பமர நிழலில் நின்றிருந்தது. பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஆறிக் குளிர்ந்திருந்தது. அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் எடுத்தது. எடுக்கத்தான் செய்யும். ஆறிய வண்டி நிற்காது.

வண்டி நின்றதெல்லாம் காலையில், சிதம்பரத்தில், மிட்டாய்க் கடை வாசலில். அவர் என்னிடம் சொன்னதெல்லாம் சாயங்காலம், அக்கா வீட்டு வாசலில். கோளாறு நிஜம்தான். அதனால்தான் அவர் சொன்னது பொய் என்பதும் நிஜமானது.

ஐந்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அதே எலக்ட்ரீஷியனிடம் போனோம். நான் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். “சரியாத்தான் இருக்குது” என்று ஒரு ரிலேவைப் பொருத்தினார். இனி சாவி அந்த ரிலேவைத் தட்டினால் போதும். சொலினாய்டுக்கு வேண்டிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயரில் நேராகப் போகும். பைப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு தகரத்தை வளைத்து மாட்டினார். சிதம்பரம் வரை ஓட்டிப் போய் கால் மணி நேரம் நிறுத்தி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இவரே போய் வந்தார். “எடுத்திடுச்சி” என்றார். முகத்தில் முந்தின நாள் இருந்த சந்தோஷம் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழே முக்காலுக்கு வந்தார்.

“வண்டி எடுத்துதா?”

“எடுத்துது. புதுச்சத்திரம் கிட்ட லாரி ஒண்ணு கவுந்துடுச்சு. ரோடு பிளாக்.”

அடுத்த நாள் பேப்பரில் மாவட்டச் செய்தி முழுவதையும் படித்தேன். லாரி எதுவும் கவிழவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் காரணமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தட்டு வைத்தேன், சாப்பிட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு மத்தியானம் சிதம்பரம் பஸ் ஏறினேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன பேச வேண்டும் என்பதை வரி வரியாகத் தயார் செய்துகொண்டேன். அழக் கூடாது, அங்கே சத்தம் போடக் கூடாது, நேராக அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவரிடம் கேட்டேன். “பச்சக் கலர்ல, மூடி இல்லாத சின்னக் கார் ஒண்ணு இந்தப் பக்கம் வருமா?”

“அதுவா மேடம்? சனிக்கிழம ஆனா வடக்கு வீதி பக்கம் ஒரு சந்துல நிக்கும்.”

அவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு மாதம் பர்ஸையும் பையையும் துழாவியவள், ஊரில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். யாருடைய கார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சந்தில் கார் நின்றது. அதற்கு எதிரே ஓட்டு வீடு. வாசலில் செருப்புகள். அவருடையது தெரிந்தது. அதன் பக்கத்தில் பூப்போட்ட பெண் செருப்பு. என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வயது குறைந்த குரல்.

“எத்தன தடவ சார் சொல்றது? அங்கயே நின்னுடுறீங்க. மேல போங்க.”

ஜன்னல் பாதி திறந்திருந்தது. பார்த்தேன்.

ஒரு நீளமான அறை. இரண்டு பெஞ்சில் கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். கரும்பலகை முழுக்க இன்டெக்ரேஷன் கணக்கு. ஓரத்தில் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கையில் புத்தகத்தோடு நின்றிருந்தாள். பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு என் கணவர். முப்பத்து மூன்று வயது, லேசான தொப்பை. மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டு, எழுதியதைக் கைமடிப்பால் அழித்துவிட்டு, மறுபடி எழுதினார். பெஞ்சில் ஒரு பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

தினமும் சாக்பீஸ் தூளைச் சுவாசிக்கிறவள் நான். அதைப் பவுடர் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போகவில்லை. திரும்பி வந்து காரில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு மணிக்கு வகுப்பு விட்டது. பிள்ளைகள் கலைந்து போனார்கள். கடைசியாக அவர் வந்தார், கையில் ஒரு தடித்த நோட்டு. என்னைப் பார்த்ததும் சந்து நடுவிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வந்து, நோட்டைப் பின்னால் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். வண்டி எடுத்தது.

பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார்.

“ஒரு பேப்பர் அரியர் இருக்கு. கணக்கு. பத்து வருஷமா” என்றார்.

“பி.இ. முடிச்சேன்னு சொன்னாங்க.”

“நான் சொல்லல. மாமா சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. உங்க அப்பா மொகத்தப் பாத்தேன். சொல்ல வரல. அப்புறம் நாளாக நாளாக ஜாஸ்தியாத்தான் ஆச்சு. நவம்பர்ல எழுதப்போறேன். பாஸ் ஆயிட்டா சொல்ல வேண்டியதே இல்லன்னு நெனச்சேன்” என்றார்.

“நான் பிளஸ் டூவுக்கு டீச்சர். வீட்டுலயே இருக்கேன். என்கிட்ட கேட்டா ஆகாதா?”

“உன்கிட்டதான் கேக்க முடியாது.”

எனக்கு நிம்மதி வரும் என்று யாராவது நினைக்கலாம். முதல் ஐந்து நிமிஷம் வந்தது. அப்புறம் வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அங்கே அவருக்கு வேறொரு உறவு இருந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். இதற்கு நான் ஒன்றும் தயார் செய்திருக்கவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதர் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இதைச் சுமந்திருக்கிறார். வேறு என்னென்ன சுமக்கிறார்?

“உங்க சட்டைய நான் மோந்து பாத்தேன்” என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“தெரியும். கொடில நான் போட்ட மாதிரி இல்ல” என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார். நானும் அவரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் இப்படிக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பரில் எழுதினார். ஆறு மார்க்கில் போயிற்று. அடுத்த தடவையும் போயிற்று. நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன்; வேண்டாம் என்றார். சனிக்கிழமை வகுப்புக்கே போனார். இப்போது நேரம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, “மாப்பிள்ளைக்கு இன்ஜினியர் போஸ்ட் எப்ப?” என்று கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நானே, “அவர் இன்னும் ஒரு பேப்பர் எழுதணும்பா” என்று சொன்னேன். அப்பா சாப்பிட்டு, மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். எட்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மகள் பிறந்தபோதுதான் வந்தார். மாப்பிள்ளையிடம் உடம்பை மட்டும் விசாரித்தார். மூன்று பேருக்கு அந்தக் காரில் இடமில்லை. புதுச்சேரியில் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

2009-இல் அவர் தேறினார். தேவையான மார்க்குக்கு மேல் இரண்டு. ரிசல்ட்டைக் கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் சந்தோஷப்பட்டேன். பாயசம் வைத்தேன்.

பட்டச் சான்றிதழ் அடுத்த வருஷம் தபாலில் வந்தது. அவர் ஷிஃப்டில் இருந்தார். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தடித்த பழுப்பு உறை, மேலே அவர் பெயர். அவர் வரும் வரை மேஜை மேல் வைத்திருக்கலாம். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைக் கழுவித் துடைத்துவிட்டு உறையின் ஓரத்தைக் கிழித்தேன். பெயர், பிரிவு, வருஷம், முத்திரை எல்லாவற்றையும் படித்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தவர் கிழிந்த உறையைக் கவனித்தார். சட்டையைக் கழற்றியபடியே கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

அவர் அதைப் பிரித்துப் பார்க்காமலேயே பீரோவுக்குள் வைத்தார்.